கார்டை எடுத்த கை

எனக்குப் பொறுமை கிடையாது. வீட்டுக்காரர் சொல்வார், அலுவலகத்தில் சொல்வார்கள், கோபம் ஆறிய பிறகு நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் எனக்குச் சோறு போடுவதோ பொறுமை வேண்டிய வேலை. சேலம் சூரமங்கலத்தில், ரயில் சத்தம் கேட்கிற எங்கள் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து, சின்னச் சின்னக் கம்ப்யூட்டர் போர்டுகளுக்கு டிரைவர் எழுதுகிறேன். டிரைவர் என்பது ஒரு புரோகிராம். போர்டுக்கும் அதில் சொருகுகிற சாமானுக்கும் நடுவில் நின்று, இது சொன்னதை அதனிடமும் அது சொன்னதை இதனிடமும் சேர்ப்பது அதன் வேலை. அதிலும் என் பங்கு மெமரி கார்டு. வருஷக்கணக்காக அதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

கார்டைச் சொருகும்போது தொல்லை குறைவு. வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்குவதுதான் தலைவலி. பிடுங்கியவுடன் ஸ்லாட்டுக்குள் இருக்கிற மெல்லிய தகடு ஒன்று விலகி, போர்டின் மூளையை ஒரு தட்டு தட்டும். அதைத்தான் இன்டரப்ட் என்கிறோம். அடுப்பில் பால் காய்கிறது, வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீயைக் குறைத்துவிட்டு எட்டிப் பார்த்து, "உக்காருங்க, இதோ வாரேன்" என்று சொல்லிவிட்டு அடுப்புக்குத் திரும்பிவிட வேண்டும். வந்தவரை அப்புறம் சாவகாசமாகக் கவனித்துக்கொள்ளலாம். நல்ல டிரைவர் அப்படித்தான் செய்யும். மட்டமான டிரைவர் வாசலிலேயே உட்கார்ந்து ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிடும். பால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கூத்தையெல்லாம் அதுவரை நான் என் மேசைமேல்தான் பார்த்திருந்தேன். மேசைமேல் ஒரு போர்டு நின்றுபோனால் அணைத்துப் போட்டால் தீர்ந்தது. எதுவும் சாகாது.

நாமக்கல்லுக்குத் தெற்கே தோட்டத்தில் என் அண்ணனுக்கு முட்டைக் கோழிப் பண்ணை. அண்ணன் பேரில் இருக்கிறதே தவிர, நடத்துவது அவர் மனைவி. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்று கூப்பிடுவோம். நங்கை அதிகம் பேசமாட்டார், ஆனால் மனதில் ஒன்றை நினைத்துவிட்டால் அதிலிருந்து ஓர் அங்குலம் நகரமாட்டார். பக்கவாட்டில் கம்பி வலை மட்டும் அடித்த பழைய ஷெட்டுகளை எடுத்துவிட்டு, நாலு பக்கமும் மூடின ஷெட் கட்டவேண்டும் என்று அவர்தான் பிடிவாதம் பிடித்தார். மூடின ஷெட்டில் ஒரு கோடியில் ஈர அட்டைச் சுவர், அதன்மேல் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். மறுகோடியில் ஆள் உயர ஃபேன்கள். ஃபேன் இழுக்க இழுக்க, வெளிக்காற்று அந்த ஈரத்தில் நுழைந்து குளிர்ந்து, கோழிகளைத் தாண்டிப் போகும். வெயில் ஏற ஏற எத்தனை ஃபேன் ஓடவேண்டும், தண்ணீர் மோட்டார் எப்போது ஓடவேண்டும் என்று ஒரு கன்ட்ரோலர் பெட்டி தானே பார்த்துக்கொள்ளும்.

அண்ணனுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. "கோழிக்குக் காத்து வேணும்னா ஆண்டவன் குடுக்கறான். பொட்டிய நம்பி ஆயிரக்கணக்கான உசுர அடச்சு வெக்கச் சொல்றியா?" என்று அவர் கேட்டபோது நானும் அங்கே இருந்தேன். கொஞ்ச மாதம் இழுபறி நடந்தது. கடைசியில், "சரி, உன்ர இஷ்டம். ஒரே ஒரு தடவ ஏடாகூடமா ஏதாச்சும் ஆச்சுன்னா செவுத்தைப் பிரிச்சுருவேன். அதுக்கப்பறம் பண்ணைப் பேச்சே நீ எடுக்கப்படாது" என்றார். நங்கை தலையாட்டினார். அப்படித்தான் இரண்டு ஷெட் வந்தது. உறம்பரைகள், அதாவது சொந்தக்காரர்கள், விசேஷ வீட்டுக்கு வந்தாலும், "பொட்டி எப்பிடிங்க ஓடுது?" என்று நங்கையிடம் ஒரு மாதிரிச் சிரிப்போடு கேட்டுவிட்டுத்தான் பந்திக்குப் போவார்கள். எனக்கு அப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

போன கோடையில் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு அங்கே போயிருந்தேன். லீவு என்று பேர், மடியில் கம்ப்யூட்டர் இருந்தது. அண்ணன் புது லாரிக்கு பாடி கட்டக் கொடுத்திருந்தார், அதைப் பார்க்க நாமக்கல் கிளம்பிவிட்டார். முட்டை எடுக்கிற பெண்கள் காலை வேலையை முடித்துவிட்டுச் சோற்றுக்குப் போய்விட்டார்கள். முட்டை ரூமில் அடுக்கி வைத்த முட்டை அட்டைகளுக்கு நடுவே நானும் நங்கையும் மட்டும். அவர் உடைசல் முட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் யாரோ எழுதிய கோணல் புரோகிராமைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். முகம் கழுவலாம் என்று எழுந்து, இரண்டாவது ஷெட்டின் ஈர அட்டைச் சுவர்ப் பக்கம் போனேன். அந்த அட்டைமேல் இரண்டு கையையும் வைத்துவிட்டுக் கன்னத்தில் ஒற்றிக்கொள்வது என் வழக்கம். கையை வைத்தேன். அட்டை காய்ந்து மொரமொரவென்று இருந்தது.

எனக்கு முதலில் விளங்கவில்லை. தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தேன், நிறைய இருந்தது. மோட்டார்தான் ஓடவில்லை. உச்சி வெயிலில் அது ஓடாமல் இருக்க முடியாது. காதைக் கொடுத்துக் கேட்டேன். ஃபேன்கள் ஓடிக்கொண்டிருந்தன, ஆனால் அது காலைச் சத்தம். இளவெயிலில் பாதி ஃபேன் மட்டும் ஓடும்போது வருகிற சத்தம்.

கன்ட்ரோல் ரூமுக்கு ஓடினேன். பெட்டியின் திரையில் எல்லாம் அழகாக இருந்தது. உள்ளே இருபத்தெட்டு டிகிரி. பச்சை எழுத்து, ஒரு எச்சரிக்கையும் இல்லை. அப்புறம்தான் மூலையில் இருந்த கடிகாரத்தைக் கவனித்தேன். காலையில் நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தை அது காட்டிக்கொண்டிருந்தது. நிமிஷம் மாறவில்லை. விரலால் திரையைக் குத்தினேன், ஒன்றும் அசையவில்லை. பெட்டி காலையிலேயே நின்றுவிட்டது. நின்ற இடத்தில் எந்த ஃபேன் ஓடியதோ அதுவே ஓடுகிறது, எந்த எண் திரையில் இருந்ததோ அதுவே நிற்கிறது.

"நங்கை, பொட்டி நின்னு போச்சுங்க. காலைலயே நின்னு போச்சு" என்று கத்தினேன். அவர் கையில் இருந்த முட்டையை அட்டையில் வைத்துவிட்டு ஓடிவந்தார். திரையைப் பார்த்தார். "இருவத்தெட்டுன்னு தானே அம்மிணி போட்டிருக்குது?" என்றார்.

"அது பொய்யிங்க."

அவர் ஷெட் கதவைத் திறந்தார். வெக்கை அடித்த அடியில் நான் ஒரு எட்டு பின்னால் வந்துவிட்டேன். உள்ளே ஓடப்போன என்னைக் கையைப் பிடித்து நிறுத்தி, "கால நனை" என்றார். வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி, அதில் காலை நனைக்காமல் யாரும் ஷெட்டுக்குள் போகக்கூடாது. நோய் வந்தால் பண்ணையே போய்விடும் என்ற பயம். உயிர் போகிற அவசரத்திலும் அவருக்கு அது மறக்கவில்லை. இரண்டு காலையும் நனைத்துவிட்டு உள்ளே போனோம்.

கோழிகள் அலகைத் திறந்துகொண்டு, இறக்கையைத் தொங்கவிட்டு இளைத்துக்கொண்டிருந்தன. அத்தனை கோழி இருக்கிற ஷெட்டில் எப்போதும் ஒரு கலகலப்பு இருக்கும். அன்றைக்கு மூச்சிரைப்பு மட்டும்தான் கேட்டது. இந்தக் கோடியில் அப்படி என்றால், சூட்டையெல்லாம் வாங்கிக்கொள்கிற ஃபேன் கோடியில் எப்படி இருக்கும் என்று பார்க்க நங்கை நடந்தார். பாதி தூரத்திலேயே நின்றுவிட்டார். கூண்டுக்குள் சில கோழிகள் கழுத்தைக் கம்பியில் சாய்த்துப் படுத்திருந்தன. படுத்திருந்தவை எழுந்திருக்கப் போவதில்லை என்று எனக்கே தெரிந்தது.

திரும்பி ஓடிவந்தோம். நங்கை மெயின் சுவிட்ச் பக்கம் கையை நீட்டினார். "அணைச்சுப் போடலாமா அம்மிணி? போன் கெட்டா அப்பிடித்தானே பண்றோம்?"

"வேண்டாங்க." அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அணைச்சா ஓடற ஃபேனும் நின்னு போயிரும். திரும்ப எந்திரிக்குமான்னு எனக்குத் தெரியலீங்க. எந்திரிக்காமப் போச்சுன்னா ஒரு ஃபேன் கூட இருக்காது."

"அப்ப கையில ஓட்டு."

அதுதான் வயிற்றெரிச்சல். பெட்டியைச் செய்தவர்கள் கையால் ஓட்டுகிற பட்டனையும் அந்தத் திரைக்குள்ளேயே வைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே இடத்தில் என்று விற்கும்போது பெருமையாகச் சொன்னார்களாம். திரை செத்தால் கையும் செத்தது. அந்த நிமிஷத்தில் அதை விற்ற ஆள் எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

பக்கத்தில் கரண்டு பேனல் இருந்தது. அதன் இரும்புக் கதவைத் திறந்தேன். ஃபேனுக்கு ஒன்று, தண்ணீர் மோட்டாருக்கு ஒன்று என்று கான்டாக்டர்கள் வரிசையாக இருந்தன. பெட்டி கரண்டு அனுப்பினால் கான்டாக்டரின் நடுக்கட்டை உள்ளே போய் ஒட்டும், ஃபேன் ஓடும். பெட்டி அனுப்பாவிட்டாலும் அந்தக் கட்டையை உள்ளே அமுக்கினால் ஓடித்தான் ஆகவேண்டும். கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டர் ஒட்டிப் பிடிக்காமல் போனால் பச்சைப் பட்டனில் குச்சி சொருகி வைக்கிற தோட்டத்தில் பிறந்தவர்கள் நாங்கள். நங்கை கூட்டுமாற்றை உடைத்து அதன் மூங்கில் பிடியைக் கொடுத்தார். ரப்பர் செருப்பில் நின்றுகொண்டு, ஓடாத முதல் கான்டாக்டரை அமுக்கினேன். ஷெட்டின் கோடியில் ஒரு ஃபேன் உறுமி எழுந்தது. குச்சியை எடுத்தேன், நின்றது.

எடுக்காமல் பிடித்திருக்கலாம். ஆனால் ஓடவேண்டிய ஃபேன்களுக்கும் மோட்டாருக்கும் சேர்த்து எங்கள் நாலு கை போதாது. நங்கை என்னை ஒரு பார்வை பார்த்தார், முட்டை ரூமுக்கு ஓடினார். முட்டை அட்டைகளை அள்ளிக்கொண்டு வந்தார். காய்ந்த காகித அட்டை, கரண்டு தாண்டாது. மடித்து மடித்துக் கான்டாக்டர் ஒவ்வொன்றின் முன்னாலும் கனமாக வைத்தோம். பிறகு இருவருமாகப் பேனல் கதவைத் தோளால் தள்ளினோம். கதவு அட்டையை அமுக்க, அட்டை கட்டையை அமுக்க, எல்லா ஃபேனும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. கதவு திறந்துவிடாமல் நங்கை தன் முதுகைக் கொடுத்து நின்றார். நான் கயிறு தேடிக் கட்டினேன். தண்ணீர் மோட்டாரும் அதில் சேர்ந்துகொண்டது. காய்ந்த அட்டைச் சுவரில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை, காத்திருப்பது தவிர. அதுதான் கொடுமை. ஷெட்டுக்குள் குளிர் எட்டுவதற்குள் இன்னும் எத்தனை போகும் என்று தெரியாது. நங்கை கூண்டு வரிசைகளுக்கு நடுவே போவதும் வருவதுமாக இருந்தார். இளைத்துக்கொண்டிருந்த ஒரு கோழியின் கொண்டையைத் தண்ணீரால் நனைப்பார், அடுத்ததற்குப் போவார், நாலு கூண்டு தாண்டுவதற்குள் முதல் கோழியைத் திரும்பிப் பார்ப்பார். அத்தனை ஆயிரத்துக்கு இது எந்த மூலைக்கு என்று அவருக்கும் தெரியும். சும்மா நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

வெகுநேரம் கழித்து, ஈர அட்டைப் பக்கத்துக் கோழிகள் வாயை மூடின. கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் திரும்பியது. ஒன்று கொக்கரித்தது, இன்னொன்று பதில் கொடுத்தது. முக்கால்வாசிக்கு மேலே தப்பித்துவிட்டன. ஃபேன் கோடியில் இருந்தவைதான் தப்பவில்லை.

அண்ணன் வரும்போது செத்தவற்றை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, காலை நனைத்துவிட்டு உள்ளே போய், கூண்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். எல்லாம் முடிந்த பிறகுதான் பெட்டி செய்தவர்களுக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியில் போட்டதால் எங்களுக்கும் கேட்டது. அந்தப் பக்கம் இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான்.

"சார், ஓடிட்டு இருக்கும்போது யாராவது கார்டை எடுத்தீங்களா?"

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். நங்கை, "நாந்தானுங்க எடுத்தேன்" என்றார்.

"அதாங்க மேடம் காரணம். ஓடும்போது எடுக்கக்கூடாது. அது யூசர் மிஸ்டேக்."

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் போனை வைத்துவிட்டார். கையைத் துண்டில் துடைத்தார். "இந்தக் கோழி வயசு முடியட்டும். அப்பறம் செவுத்தைப் பிரிச்சுப்போட்டு, நானே பாத்துக்கறேன்" என்றார். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னார்.

"சரீங்க" என்றார் நங்கை.

அந்த சரீங்க என்னைப் போட்டு அறுத்துவிட்டது. மாதக்கணக்கில் மல்லுக்கு நின்று வாங்கிய மனுஷி, ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. கோழிகளைக் கொன்றது தன் கைதான் என்று அந்த நிமிஷமே நம்பிவிட்டார். என் தொழில் முழுக்கக் கார்டைப் பிடுங்குவதைப் பற்றித்தான். கார்டைப் பிடுங்கினால் ஒரு போர்டு சாகும் என்றால் செத்தது போர்டைச் செய்தவன் பிழை. இதை அவரிடம் சொன்னேன். "நீ எனக்காகச் சொல்ற கண்ணு" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் அவரைப் பிடித்து உட்கார வைத்தேன். "நேத்து என்ன பண்ணுனீங்களோ அதையே எனக்கு அப்பிடியே பண்ணிக் காட்டுங்க. ஒன்னையும் உட்டுறாதீங்க" என்றேன். வேண்டாவெறுப்பாக எழுந்து வந்தார். திங்கட்கிழமைதோறும், கோழி வயதுக்குத் தக்கபடி எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு குளிர் என்ற கணக்கை முதல் ஷெட்டின் பெட்டியிலிருந்து கார்டில் ஏற்றி, இரண்டாவது ஷெட்டுக்குக் கொண்டுபோவது வழக்கம். இரண்டிலும் ஒரே வயதுக் கோழி. கார்டைச் சொருகுவது போலக் காட்டினார், எடுத்தார், வெளியே வந்தார். இரண்டாவது ஷெட் வாசலில் காலை நனைத்தார். பிறகு ஆணியில் தொங்கிய மருந்துத் தெளிப்பானை எடுத்து, கார்டின் இரண்டு பக்கமும் புஸ் புஸ்ஸென்று அடித்து, முந்தானையில் ஒரு துடை துடைத்து உள்ளே போனார்.

"அதென்னங்க, கார்டுக்கும் மருந்தா?"

"ஒரு ஷெட்டுலருந்து இன்னொரு ஷெட்டுக்கு எது போனாலும் மருந்தடிக்காமப் போகப்படாது. உங்கண்ணன் சட்டம். ஸ்க்ரூ டிரைவருக்கே அடிப்போம்" என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. எந்த ஊரில் எந்த இன்ஜினியர் மெமரி கார்டுக்குக் கிருமிநாசினி அடிப்பார்கள் என்று யோசித்திருப்பான்? எங்கள் பண்ணைகளில் அடிக்காவிட்டால்தான் ஆச்சரியம். கார்டில் ஒட்டியிருந்த ஈரம் ஸ்லாட்டுக்குள் போயிருக்கிறது. சொருகியபோது ஒன்றும் ஆகவில்லை, தகடு இறுகி இருந்தது. எடுத்தபோதுதான் தகடு விலகியும் விலகாமலும், நனைந்த நுனி தொட்டும் தொடாமலும் நின்று மூளையைத் தட்ட ஆரம்பித்திருக்கிறது. பக்கத்தில் ஓடுகிற ஃபேன்களின் அதிர்வும் கரண்டு இரைச்சலும் அதற்குத் துணை. ஆனால் இதெல்லாம் என் ஊகம். ஊகத்தை வைத்து அண்ணனிடம் பேச முடியாது.

பெட்டி செய்தவர்கள் வேறு போர்டை அனுப்பி மாட்டிவிட்டார்கள். பழைய போர்டைக் கேட்டு வாங்கினேன். மருந்தில் கொஞ்சம் ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டு, இரண்டையும் துணிப்பையில் போட்டு பஸ்ஸில் சூரமங்கலம் வந்து சேர்ந்தேன்.

மேசையில் போர்டை எழுப்பினேன். இன்டரப்ட் எத்தனை வந்தது என்று எண்ணிக்காட்டுகிற வரியைத் திரையில் ஓடவிட்டேன். காய்ந்த கார்டைப் போட்டு எடுத்தேன், எண் ஒன்று ஏறியது. மருந்தடித்துத் துடைத்துப் போட்டு எடுத்தேன். எண் படிக்க முடியாத வேகத்தில் ஓடியது. அடுத்த நொடி திரை நின்றது. என் மூச்சும்தான்.

புரோகிராமைக் கேட்டு அந்தப் பையனோடு ஒரு வாரம் சண்டை. தரமாட்டேன் என்றான், மேலே கேட்கவேண்டும் என்றான், ஓடும்போது கார்டை எடுக்கக்கூடாது என்று கையேட்டில் இருக்கிறது என்றான். "எடுக்கக்கூடாதுன்னா எதுக்கப்பா ஓட்டை வெச்சீங்க, ஒட்டி வெச்சிருக்கலாமே" என்று கேட்டேன். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் வீட்டுக்காரர் செருப்பைப் போட்டுக்கொண்டு ஜங்ஷன் பக்கம் நடக்கப் போய்விட்டார். கடைசியில் நான் எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு அந்தப் பையனே போன் போட்டான். குரல் இறங்கியிருந்தது. "மேடம், நான் எழுதுனதில்லை. ஆனா நாங்க எழுதுனதுதான்" என்றான். அவனைத் திட்ட அப்புறம் மனம் வரவில்லை.

பிழை வெட்டவெளிச்சமாக இருந்தது. தட்டு வந்தால் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பவேண்டிய டிரைவர், தட்டிய இடத்திலேயே நின்று, கார்டு இருக்கிறதா, பதில் சொல்கிறதா என்று காத்துக்கொண்டிருந்தது. ஒன்று முடிவதற்குள் அடுத்த தட்டு. ஃபேனைக் கவனிக்கிற வேலைக்கு மூளை திரும்பவே இல்லை. பெட்டி நின்றால் எழுப்பிவிட ஒரு காவல் வைத்திருந்தார்கள், சரிதான். ஆனால் அந்தக் காவலுக்கு 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று சொல்கிற பொறுப்பைப் போர்டுக்குள் தனியாகத் துடிக்கிற கடிகாரத் துடிப்பிடம் கொடுத்திருந்தார்கள். திரையில் நின்றுபோன கடிகாரம் வேறு, இது வேறு. எந்த இன்டரப்ட் வந்தாலும் அந்தத் துடிப்புக்கு முதலிடம், அது நிற்காது. வேலை ஒன்றும் நடக்காதபோதும் எல்லாம் நலம் என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது.

நானும் அந்தப் பையனும் சேர்ந்து மாற்றினோம். முதல் தட்டு வந்ததும் அந்தக் கதவைச் சாத்திவிட வேண்டும். எத்தனை தட்டினாலும் காதில் விழக்கூடாது. கொஞ்ச நேரம் கழித்துச் சின்ன வேலையாள் ஒருவன் நிதானமாகப் போய், கார்டு இருக்கிறதா இல்லையா என்று பார்க்கட்டும். இல்லையென்றால், எழுதிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு, இல்லை என்று சொல்லிவிடட்டும். ஃபேன் பக்கம் பார்த்த கண் அங்கேயே இருக்கட்டும். காவலிடம் பேசுகிற பொறுப்பும் இனி ஃபேனைக் கவனிக்கிற வேலைக்குத்தான். என் மேசையில் சொட்டச் சொட்ட நனைத்த கார்டைப் போட்டுப் போட்டு எடுத்தேன். போர்டு அசையவில்லை.

"மேசையில ஓடுனது எனக்கெதுக்கு பாப்பா?" என்றார் அண்ணன். "ஷெட்டுல ஓட்டிக் காட்டு. கோழி உள்ள இருக்கையில காட்டு."

ஆகவே மாற்றிய புரோகிராமைப் பெட்டியில் ஏற்றிவிட்டு, ஒரு மத்தியான வெயிலில் மறுபடியும் அந்தக் கன்ட்ரோல் ரூமில் நின்றோம். திரைக்கு வெளியே, கையால் ஓட்டுகிற சுவிட்சுகளை வரிசையாக இப்போது வைத்திருந்தார்கள். அண்ணன் அவற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். எல்லா ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தது. தப்பித்த கோழிகள் அத்தனையும் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம். நான் எழுதியதை நானே நம்பவில்லை. கார்டை எடுக்கக் கையை நீட்டினேன்.

"நீ இல்ல" என்றார் அண்ணன். "அவ எடுக்கட்டும்."

நங்கை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அன்றைக்குப் பிறகு அவர் அந்தப் பெட்டியைத் தொடவில்லை, திங்கட்கிழமை கணக்கை அண்ணன்தான் மாற்றினார். அண்ணன் எதற்காக அப்படிச் சொன்னார், அவர் மனதைத் தேற்றவா, இல்லை மறுபடி தப்பு நடந்தால் அதையும் அவர் கணக்கிலேயே எழுதவா என்று எனக்குத் தெரியவில்லை. கோபமாக வந்தது. "நானே எடுக்கறேனே" என்றேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

நங்கை வந்தார். பெட்டியிலிருந்த கார்டை முதலில் தொடவில்லை, கையில் இருந்த வேறொரு கார்டுக்கு மருந்தடித்தார். துடைக்கவில்லை. சொட்டுகிற கார்டைக் கொண்டுவந்து, பழைய கார்டை எடுத்துவிட்டு அதைச் சொருகினார். கொஞ்சம் நின்றார். கார்டின் விளிம்பு அவர் விரலுக்குப் பிடிபடவில்லை, இரண்டாவது முறைதான் பிடிபட்டது. எடுத்தார்.

ஃபேன் சத்தம் மாறவில்லை. திரையில் கார்டு இல்லை என்று சின்னதாக ஒரு வரி வந்தது. அதற்கு மேலே கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கோழிகள் எப்போதும் போலக் கலகலவென்றிருந்தன.

நான் மூச்சு விட்டேன். நங்கை விடவில்லை. கார்டை மறுபடி சொருகினார், எடுத்தார். சொருகினார், எடுத்தார். தெளிப்பானை எடுத்து ஸ்லாட்டுக்குள்ளேயே ஒரு அடி அடித்தார், சொருகினார், பிடுங்கினார். எதையோ பழிவாங்குவது போல விடாமல் செய்துகொண்டே இருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை.

"போதுங்க நங்கை" என்று தோளைப் பிடித்தேன்.

அவர் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் பக்கம் திரும்பினார். "அன்னைக்கும் நான் இப்பிடித்தானுங்க எடுத்தேன்" என்றார்.

அண்ணன் சுவிட்சுகளின் மேலிருந்த கையை எடுத்தார். அந்தக் கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.